ஆசியாவின் சிவப்பு வரைபடம் குறித்துப் பெற்றோர்களுக்கு ஒரு விளக்கம்

அரசு உயர்நிலைப் பள்ளி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.

பொருள்: நிலப்பரப்பு வெப்பநிலை மாற்றங்கள் குறித்த விளக்கமும் ஒன்பதாம் வகுப்புக் களப்பணிக்கு ஒப்புதல் கோருதலும்.

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கடந்த வாரம் ஆசியக் கண்டத்தின் வரைபடம் ஒன்று வந்தது. சைபீரியாவும் வட இந்தியாவும் அதில் கருஞ்சிவப்பாக இருந்தன. உடன் வந்த குரல் பதிவு, பூமி சூரியனை நெருங்கிவிட்டது, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று எச்சரித்தது. அதை நம்பிச் சில வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டதாலும், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அதே படத்தைக் காட்டி அறிவியல் ஆசிரியரிடம் கேள்விமேல் கேள்வி கேட்டதாலும், இதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சூரியன். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில். அப்போது தூரம் ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், ஏறத்தாழ 15.2 கோடி கிலோமீட்டர். நாம் மார்கழிப் பனியில் நடுங்கும்போதுதான் சூரியன் நமக்கு அருகில் இருக்கிறது என்பதால், அந்தக் குரல் பதிவுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

வரைபடம் பொய்யன்று, அதைப் படித்த விதம்தான் தவறு. அது காட்டுவது தரையின் மேற்பரப்பு வெப்பத்தை. தொலைக்காட்சியில் சொல்லப்படும் வெப்பநிலையோ, ஆளின் மார்பளவு உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் அளக்கப்படும் காற்றின் வெப்பம். 2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் பதிவான 51.0 டிகிரி காற்றின் வெப்பம். 2005-இல் ஈரானின் லூத் பாலைவனத்தில் செயற்கைக்கோள் கண்ட 70.7 டிகிரி தரையின் வெப்பம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. மேலும், இவ்வகைப் படங்களில் சிவப்பு என்பது அந்த இடம் கொதிக்கிறது என்று பொருள்படாது. அந்த மாதத்தின் பல ஆண்டுச் சராசரியைவிடக் கூடுதலாக இருக்கிறது என்பதையே அது குறிக்கும். வழக்கமாக மைனஸ் 30 டிகிரியில் உறைந்து கிடக்கும் சைபீரிய நிலம் மைனஸ் 22-க்கு ஏறினாலும் படத்தில் சிவப்பாகத்தான் விழும்.

1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா, 2002 மே மாதம் ஏவப்பட்ட அக்வா ஆகிய நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவிகள் நிலம் உமிழும் அகச்சிவப்புக் கதிர்களை அளந்து இந்தக் கணக்கைத் தருகின்றன. மேகம் மூடிய இடத்தில் அவற்றால் தரையைக் காண இயலாது. ஆகவே மழைக்காலப் படங்களில் ஓட்டைகள் விழுவது இயல்பு.

ஒரு கண்டத்தின் பெரும்பகுதி வழக்கத்துக்கு மாறாகச் சூடேறக் காரணம் என்ன? ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிடுபவரிடம் சற்று எச்சரிக்கையாக இருக்கும்படி மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். 2020-ஆம் ஆண்டின் சைபீரியாவைப் பாருங்கள். அவ்வாண்டு ஜனவரி முதல் ஜூன் வரை அங்குச் சராசரியைவிட 5 டிகிரிக்கு மேல் வெப்பம் கூடியிருந்தது. ஜூன் 20 அன்று வெர்கோயன்ஸ்க் நகரில் 38 டிகிரி பதிவாயிற்று. 1892-இல் மைனஸ் 67.8 டிகிரி கண்ட அதே ஊர் அது. உயர் அழுத்தக் காற்று மண்டலம் ஒன்று நகராமல் நின்றது. அதனடியில் மேகம் கூடவில்லை, வெயில் தடையின்றி விழுந்தது. பனி முன்னதாகவே உருகிற்று. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பனி போய்க் கருமண் வெளிப்பட்டதும் அந்த ஒளியில் பெரும்பகுதியை மண்ணே விழுங்கிக்கொண்டது. உலர்ந்த காடுகளில் தீயும் பரவியது. ஒன்று மற்றொன்றை வளர்த்தது என்பதால், எது எவ்வளவு என்று எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது.

நம் மாவட்டத்துக்கு இதைவிட நெருக்கமான காரணம் மண்ணின் ஈரம். ஈரமுள்ள நிலத்தில் விழும் வெயிலின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதும் இதனால்தான். ஈரம் வற்றியபின் அத்தனை வெயிலும் மண்ணைச் சுடுவதற்கே போகிறது. 2022 மார்ச் மாதத்தில் நாடு முழுவதும் மழை இயல்பைவிட 71 சதவீதம் குறைந்தது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்து வட இந்தியாவுக்கு மழை தரும் காற்றுச் சுழற்சிகள் அம்மாதம் வலுவிழந்திருந்தன. 1901 முதலான பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான மார்ச்சாக அது அமைந்தது. கோதுமை மணி பிடிக்கும் பருவம் அது. விளைச்சல் குறைந்து, மே மாதம் கோதுமை ஏற்றுமதிக்கே அரசு தடை விதித்தது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: பஞ்சாப், ஹரியானாவின் பாசன வயல்கள் பயிர் நிற்கும் வரை சுற்றியுள்ள வறண்ட நிலத்தைவிடக் குளிர்ந்திருக்கும், அறுவடை முடிந்ததும் சூடேறும்.

பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடேறும் ஆண்டுகளை எல் நினோ ஆண்டுகள் என்பார்கள். அப்போது அக்கடலின் வெப்பம் தொலைதூர நிலங்களின் மழையையும் வெயிலையும் மாற்றும். எரிமலை வெடிப்போ நேர்மாறாகக் குளிரவைக்கும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபின் உலகச் சராசரி வெப்பமே சுமார் அரை டிகிரி இறங்கிற்று.

இவை எல்லாம் வந்து போகிறவை. இவற்றுக்கு அடியில் உலகின் அடிப்படை வெப்பநிலையே உயர்ந்துகொண்டு வருகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் சேரும் கரியமில வாயு முதலியவற்றால், 1850-1900 காலத்தோடு ஒப்பிட 2011-2020 பத்தாண்டுகளில் நிலத்தின் மேலுள்ள காற்று 1.59 டிகிரியும் கடற்பரப்பு 0.88 டிகிரியும் சூடேறியிருப்பதாக ஐ.நா.வின் பருவநிலைக் குழு கணித்திருக்கிறது. முன்பு அபூர்வமாக வந்த வெப்ப அலை இன்று அடிக்கடி வருவதற்கு இதுவே காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட வாரத்தின் சிவப்புத் திட்டு முழுவதையும் இதன் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

இனி நம் களப்பணி. ஓசூரில் தொழிற்கூடமொன்றில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவர், இயந்திரச் சூடு பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானியைப் பள்ளிக்கு இரவல் தந்திருக்கிறார். கொரோனா காலத்தில் நம் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவியின் வகைதான். உயர்ந்த சூட்டையும் அளக்கக்கூடியது. மாணவர்கள் அதை முதலில் பள்ளி வளாகத்தில் முயன்று பார்த்தபோது, மைதானத்துச் செம்மண்ணும் புளியமரத்தடி மண்ணும் பத்தடி இடைவெளிக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைக் கண்டு வாயடைத்து நின்றனர். சைக்கிள் கொட்டகையின் புதுத் தகரம் குறைந்த எண்ணைக் காட்டியதும் ஒரு பையன் அதைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். பளபளப்பான உலோகம் கதிர்களைக் குறைவாக உமிழ்வதால் கருவி ஏமாறும். செயற்கைக்கோள் கணக்கிலும் பாறை, மணல், பயிர் என்று ஒவ்வொன்றுக்கும் இத்திருத்தம் செய்யப்படுகிறது.

அடுத்த கட்டமாக, கேழ்வரகு அறுவடையான மானாவாரிக் காடு, மாந்தோப்பு, ஏரிக்கரை, கரட்டுப் பாறை ஆகிய இடங்களில் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் ஆசிரியர் துணையுடன் அளக்கத் திட்டமிட்டுள்ளோம். நண்பகலில் யாரையும் வெளியே அழைத்துச் செல்ல மாட்டோம். பிள்ளைகளைச் செருப்பு அணிவித்து, தண்ணீர்ப் பாட்டிலுடனும் தலைக்குத் துண்டு அல்லது தொப்பியுடனும் அனுப்புங்கள். உங்கள் நிலத்தில் அளக்கச் சம்மதமிருப்பின் அதையும் ஒப்புதல் சீட்டின் பின்புறம் குறிப்பிடலாம். சீட்டில் கையொப்பமோ கைநாட்டோ இட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் நிறுத்திவைத்திருக்கும் பிள்ளைகளை நாளையே பள்ளிக்கு அனுப்புங்கள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்