ஐந்தரை மணி நேரக் கோளாறு

கோவை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மாப்ள,

உன் மெயிலும் அதோடு வந்த ஸ்கிரீன்ஷாட்டுகளும் கிடைத்தன. முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, படித்ததை எனக்கும் ஒப்பிக்கிறார்கள். சின்னவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் தங்கை அதைக் காட்டிக்கொள்ளாமல் சமையலறை டப்பாக்களைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருக்கிறாள். உன் மகள் கல்யாணம் ஆவணியில் என்று முடிவானதில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். ரிட்டையர் ஆன கையோடு இப்படி ஒரு வேலை வந்தது உனக்கு நல்லதுதான். இல்லாவிட்டால் நாள் முழுக்க அந்தக் கம்ப்யூட்டரைப் பிரித்துக்கொண்டே இருந்திருப்பாய்.

சரி, அந்தக் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். டாலி கணக்கு சாப்ட்வேருக்கு விண்டோஸ், மற்றதற்கெல்லாம் லினக்ஸ் குடும்பத்து உபுண்டு 24.04. உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் நேரம் ஐந்தரை மணி முன்னே ஓடுகிறது, விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்கு மாறினால் ஐந்தரை மணி பின்னே போகிறது. மதர்போர்டு பேட்டரி செல்லை மாற்றியும் சரியாகவில்லை என்கிறாய். கடிகாரம் தப்பு என்றால் எவ்வளவு தப்பு என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 செல் தீர்ந்தால் தேதியே எங்கோ பழைய வருஷத்துக்குப் போய் நிற்கும். நெட்டோடு ஒத்துப்பார்க்காமல் தானாக ஓடினால் நாளுக்கு ஒன்றிரண்டு விநாடி பிசகும். உள்ளே இருக்கும் 32,768 ஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகத்தின் லட்சணம் அவ்வளவுதான். அச்சு அசலாக ஐந்தரை மணி என்றால் அது உலகப் பொது நேரமான யுடிசிக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள இடைவெளி. எந்தச் செல்லும் அவ்வளவு கணக்குப் பார்த்துச் சாகாது மாப்ள.

விஷயம் இதுதான். மெஷினை அணைத்தாலும் ஓடும் கடிகாரம் ஒன்றே ஒன்று, ஆர்டிசி. அதில் இருப்பது வெறும் எண்கள். இது எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு அதில் கிடையாது. டாஸ் காலப் பழக்கத்தில் விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதை யுடிசி என்று எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே மெஷினில் வைத்தால் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். ஒன்று, விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்ற மதிப்பை 1 ஆக்கி அதை யுடிசிக்கு இழுப்பது. அல்லது டைம்டேட்சிடிஎல் கட்டளையில் 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கொடுத்து லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு இறக்குவது.

நீ இரண்டையும் செய்து வைத்திருக்கிறாய்! விண்டோஸ் யுடிசிக்கு ஏறிவிட்டது, லினக்ஸ் உள்ளூருக்கு இறங்கிவிட்டது. பழைய தகராறு அப்படியே இருக்கிறது, ஆட்கள்தான் இடம் மாறியிருக்கிறார்கள். உன் இரண்டாவது ஸ்கிரீன்ஷாட்டில் 'ஆர்டிசி இன் லோக்கல் டிஇஸட்: யெஸ்', அதாவது ஆர்டிசியில் உள்ளூர் நேரம் என்று இருக்கிறது, பார். அதற்குக் கீழேயே, இந்த முறையை முழுதாக ஆதரிக்க முடியாது என்று நீளமாக ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அதைப் பாதியில் வெட்டிவிட்டு எனக்குப் படம் அனுப்பியிருக்கிறாய்.

மாலை ஆறரைக்கு மேல் விண்டோஸில் எடுத்த டாலி பேக்கப் மறுநாள் தேதியில் விழுவது ஏன் என்று கேட்டிருந்தாயே, அதற்கும் காரணம் இதுதான். ஆறரையோடு ஐந்தரையைக் கூட்டினால் நள்ளிரவு. காலையில் உபுண்டுவைத் திறந்ததும் அப்டேட் செய்ய மறுத்து, அப்டேட் விவரம் உள்ள ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை, இன்னும் நாலே முக்கால் மணி நேரம் ஆகும் என்று ஏதோ சொல்கிறது என்றாயே, அதுவும் இதேதான். உன் கடிகாரம் ஐந்தரை மணி பின்தங்கி இருக்கிறது. சர்வரில் அந்தக் கோப்பு முக்கால் மணிக்கு முன்னால் போட்டது. உன் மெஷினைப் பொறுத்தவரை அது வருங்காலத்தில் எழுதப்பட்ட கோப்பு, அதனால் தொடமாட்டேன் என்கிறது. பாவம், அதன் நியாயம் அதற்கு.

இதெல்லாம் தினமும் நடக்காமல் விட்டுவிட்டு நடப்பதற்குக் காரணம், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் க்ரானில் நீ போட்டிருக்கிற அந்த வரி. மணிக்கு ஒரு தடவை, நெட்டில் நேரம் கேட்கும் என்டிபிடேட் ஓடி நேரத்தை இழுத்துச் சரி செய்கிறது. அதன் வாலில் இருக்கும் ஹெச்டபிள்யூக்ளாக் என்ற கட்டளை அந்த நேரத்தை இந்திய நேரமாகவே ஆர்டிசியில் எழுதிவிடுகிறது. அது ஓடின பிறகு விண்டோஸுக்குப் போனால் அங்கே முன்னே போகிறது. அது ஓடுவதற்குள் மாறிவிட்டால் தப்பித்தாய். நீ விண்டோஸில் கோபத்தோடு 'சிங்க் நவ்' அழுத்தினால் அது யுடிசியை எழுதுகிறது, மறுநாள் உபுண்டு பின்னே போகிறது. ஊர் கூடித் தேரை இழுக்கலாம், ஆனால் கடிகார முள்ளை நகர்த்த ஓர் ஆள்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் பார்த்தேன். 'என்டிபி சர்வீஸ்' என்ற இடத்தில் உனக்கு 'என்/ஏ' என்று வருகிறது. செட்டிங்ஸில் தானியங்கி நேரத்துக்கான சுவிட்ச் மங்கிக் கிடப்பதும் அதனால்தான். உபுண்டுவோடு வந்த நேரச் சேவை சிஸ்டம்டி-டைம்சிங்க்டி. நீ க்ரோனி என்ற இன்னொரு நேரச் சேவையைப் போட்டதும் அது தானாக விலகியது. ஒரு மெஷினில் ஒரு நேரச் சேவைதான் இருக்கலாம் என்று பேக்கேஜ்களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு எங்கோ படித்து என்டிபி போட்டாய், க்ரோனி விலகியது. அப்புறம் அது பழசு என்று யாரோ சொல்ல, அதையும் எடுத்தாய். மூன்று பேரையும் அனுப்பிவிட்டாய். இப்போது வீட்டில் இருப்பது அந்த க்ரான் வரி மட்டும்தான்.

அந்த வரி ஏன் போதாது என்று கேட்பாய். நெட்டில் நேரம் கேட்பது எப்படி நடக்கிறது என்பது எனக்கு இன்றும் அலுக்காத விஷயம், கொஞ்சம் பொறுமையாகப் படி. உன் மெஷின் கேள்வியை அனுப்பிய நேரம், சர்வருக்கு அது போய்ச் சேர்ந்த நேரம், சர்வர் பதிலை அனுப்பிய நேரம், அது உனக்கு வந்த நேரம் என்று நான்கு முத்திரைகள். போகும் வழிக்கும் வரும் வழிக்கும் ஒரே தாமதம் என்று வைத்துக்கொண்டால், இந்த நான்கிலிருந்தே உன் கடிகாரம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அந்த 'வைத்துக்கொண்டால்' எப்போதும் உண்மையாக இருக்காது. நம் வீட்டு லைனில் யாராவது வீடியோ ஏற்றிக்கொண்டிருந்தால் போகும் வழி மட்டும் அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு தடவை கேட்டு நம்புவது அறிவில்லை. பல தடவை, பல சர்வர்களிடம் கேட்டு, தாமதம் குறைந்த பதில்களுக்கு அதிக மதிப்புக் கொடுத்து, உன் படிகம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும். பின்னாளில் டெலவர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் 1985இல் இதற்கு என்டிபி என்ற முதல் விதிமுறையை எழுதினார். பிறவியிலேயே கிளாக்கோமா உள்ள மனிதர். 2024 ஜனவரியில் காலமானார். உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவர் போட்ட கணக்கில்தான் மணி பார்க்கின்றன. அவர் பெயர் நம் ஆட்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

க்ரோனி அந்தக் கணக்கை நன்றாகச் செய்கிறது. மெஷின் ஆன் ஆனதும், பிழை ஒரு விநாடிக்கு மேல் என்றால், முதல் மூன்று திருத்தங்களுக்குள் ஒரே தாவலாகச் சரி செய்யும். அதற்குப் பிறகு தாவாது. கடிகாரத்தைத் துளி வேகமாகவோ துளி மெதுவாகவோ ஓடவிட்டு மெல்ல நேருக்குக் கொண்டுவரும். நேரம் பின்னால் தாவினால் என்ன ஆகும் தெரியுமா? நீ பத்து மணிக்குச் சேமித்த கோப்பு, ஒன்பதே முக்காலுக்குச் சேமித்ததைவிடப் பழசாகிவிடும். பேக்கப் புரோகிராம் புதியதை விட்டுவிட்டுப் போய்விடும். கணக்குப் பார்க்கிற உனக்கு இதைவிட ஆபத்து வேறு வேண்டாம். க்ரான் வரியை விட்டுவைத்தால் க்ரோனிக்கும் தொல்லை. நடுவில் அது தள்ளிவிடுவதை, படிகம்தான் அப்படி ஓடுகிறது என்று க்ரோனி தப்பாகக் கற்றுக்கொள்ளும்.

டைம்சிங்க்டி போதாதா என்றால், வீட்டு மெஷினுக்கு அதுவும் போதும். அது ஒரு நேரத்தில் ஒரு சர்வரைத்தான் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் உபுண்டுவே 25.10இலிருந்து க்ரோனிக்கு மாறிவிட்டது, பதில் சொல்வது உண்மையான சர்வர்தானா என்று சரிபார்க்கும் என்டிஎஸ்ஸோடு சேர்த்து. எப்படியும் நீ அங்கேதான் போய்ச் சேர்வாய், இப்போதே பழகிக்கொள்.

செய்ய வேண்டியது இதுதான், வரிசை மாறக் கூடாது. கடிகாரம் சரியாக இருக்கும் நேரமாகப் பார்த்து க்ரோனியை நிறுவு. க்ரான் வரியை அழி. 'க்ரோனிசி சோர்சஸ்' போட்டு, ஏதாவது ஒரு சர்வர் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி வருகிறதா என்று பார். வந்தால் அதைத்தான் இப்போது பின்பற்றுகிறது. பக்கத்தில் 'ரீச்' என்ற பத்தி 1, 3, 7, 17 என்று ஏறி 377இல் நிற்கும். அது எட்டடிமான எண். கடைசி எட்டுக் கேள்விகளுக்கும் பதில் வந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் 'செட்-லோக்கல்-ஆர்டிசி 0'. அந்தக் கட்டளை இருக்கிற நேரத்தை வைத்து ஆர்டிசியைத் திருத்தி எழுதும், ஆகவே முதலில் நேரம் சரியாக இருக்க வேண்டும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் செய்ததைத் தொடாதே, அது இருக்கட்டும். கோடையில் முள்ளை நகர்த்தும் நாடுகளில் உள்ளூர் நேரத்தை ஆர்டிசியில் வைத்தால் இரண்டு சிஸ்டமும் ஆளுக்கொரு தடவை நகர்த்திக் குழப்பும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை என்றாலும், யுடிசிதான் சுத்தம் என்பது என் கட்சி. கட்டளைகளை இங்கிலீஷில் தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

டெல்லியில் நம் தேசிய நேரத்தைப் பராமரிக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம், என்பிஎல், அதன் நேர சர்வரையும் க்ரோனியின் கட்டமைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். உனக்குக் கட்டாயமில்லை. ஆனால் உன் மைத்துனர் கம்பெனிக் கணக்கைப் பார்க்கிறாயே, அவர்களிடம் சொல்லி வை: 2022 ஏப்ரலில் அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் தேசிய தகவலியல் மையமான என்ஐசி அல்லது என்பிஎல் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். கூகுளின் நேர சர்வரை இவற்றோடு கலக்காதே. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யுடிசியில் சேர்க்கும் கூடுதல் விநாடியான லீப் விநாடி வந்தால் அவர்கள் அதை ஒரு நாள் முழுக்கப் பரப்பிப் போடுவார்கள், மற்றவர்கள் எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. 2016 கடைசி நாளுக்குப் பிறகு லீப் விநாடி வந்ததே இல்லை என்பது வேறு கதை.

முடித்ததும் 'க்ரோனிசி ட்ராக்கிங்' என்ன காட்டுகிறது என்று முழுப் படமாக எடுத்து அனுப்பு, பாதியில் வெட்டாதே. கல்யாணத்துக்கு நாங்கள் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுவோம். பந்தி வேலையை என்னிடம் விட்டுவிடு, சமையல்காரரிடம் மட்டும் இப்போதே பேசி வை. அத்தைக்கு என் வணக்கம்.

உன் மச்சான்