மகளுக்கு, சில ஆங்கிலச் சொற்கள் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் "ம்", "சரிப்பா" என்பதற்கு மேல் நீ பேசுவதில்லை, அதனால்தான் கடிதம். தம்பியைத் திட்டாதே. கூட்டத்தில் நீ ஓர் ஆங்கிலச் சொல்லைத் தவறாக உச்சரித்தாய், ஒருவர் சிரித்தார், நீ பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டாய் என்பதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை. நானும் அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. சொற்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இ என்ற எழுத்தில் முடியும் ஆங்கிலச் சொல்லில் அந்தக் கடைசி எழுத்தைப் பொதுவாக ஒலிப்பதில்லை. ஆனால் கிரேக்கத்திலிருந்து வந்த சில சொற்கள் இதற்குக் கட்டுப்படாது. பேரழிவைக் குறிக்கும் கேட்டஸ்ட்ரஃபி, எழுத்தின் மேலே போடும் குறியான அப்பாஸ்ட்ரஃபி இரண்டையும் நீ ஒருநாளும் தவறாகச் சொன்னதில்லை, ஏனென்றால் அவற்றைக் காதால் கேட்டு வளர்ந்தாய். ஒன்றின் முழு உருவான எடுத்துக்காட்டைக் குறிக்கும் எபிட்டமியும், ஹைப்பர்பொலியும் அதே கூட்டம்தான். ஆனால் அவற்றை நம்மைச் சுற்றி யார் பேசினார்கள்? புத்தகத்தில்தான் பார்த்தோம். புத்தகத்தில் பார்த்தவர் வாயில் 'எபிடோம்' என்றும் 'ஹைபர்போல்' என்றும்தான் வரும். ஹைப்பர்பொலிக்குக் கிரேக்கத்தில் 'அப்பால் எறிவது' என்று பொருள், அதிலிருந்துதான் மிகைப்படுத்திச் சொல்வது என்ற பொருள் வந்தது. சொல்லும்போது அழுத்தம் இரண்டாவது அசையில் விழ வேண்டும், 'பர்' என்ற இடத்தில். எழுத்தைவிட இந்த அழுத்தம் முக்கியம். தமிழில் அசை அழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை, அதனால் நம் காது அதைக் கவனிக்கப் பழகவில்லை. போட்டோகிராஃப் என்றால் அழுத்தம் முதலில், ஃபடாக்ரஃபி என்றால் இரண்டாவதில். சத்தமாகச் சொல்லிப் பார். மனசுக்குள் படித்தால் பழகாது.

ரெசிபியிலும் கடைசி எழுத்து ஒலிக்கும், ஆனால் அது லத்தீன். 'எடுத்துக்கொள்' என்று மருத்துவர் மருந்துச் சீட்டின் தொடக்கத்தில் எழுதிய கட்டளை. சீட்டின் மேலே இன்றும் போடுகிற ஆர்-எக்ஸ் குறி அதன் சுருக்கம். உனக்கு இது தெரிந்திருக்கும். சின்ன வயதில் உன் நீல நோட்டில் இதைவிட அரிய விஷயங்களை எழுதி வைத்தவள் நீ. அந்த வயதில் எந்தப் பிள்ளையும் சொல்லின் வேரைத் தேடிப் போய் நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் இப்போது நாலு பேர் நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால் என்னால் பொறுக்க முடியவில்லை. அதுவும் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டுமா?

சரி, சொற்களுக்கு வருகிறேன். கர்னல் என்ற சொல்லில் ஆர் என்ற எழுத்தே கிடையாது. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அது 'கொரொனெல்', ஆர் இருந்தது. பிற்பாடு படித்தவர்கள் இத்தாலிய மூலத்தைப் பார்த்து எழுத்தை மட்டும் எல் என்று திருத்தினார்கள். பேசுகிறவர்கள் திருத்திக்கொள்ளவில்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஒரு பி சும்மா நிற்கிறதே, அதுவும் இப்படித்தான். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் அந்த பி கிடையாது. லத்தீனில் 'டெபிட்டும்' என்று இருப்பதைக் காட்டுவதற்காகப் பண்டிதர்கள் பின்னால் நுழைத்தார்கள். தீவு என்று பொருள்படும் 'ஐலண்ட்' கதை இன்னும் மோசம். அது லத்தீனிலிருந்து வந்த சொல்லே அல்ல, பூர்வீக ஆங்கிலச் சொல். லத்தீன் வழிவந்த 'ஐல்' என்ற சொல்லோடு உறவு என்று தவறாக நினைத்து அதில் எஸ் போட்டார்கள். அது இன்றுவரை போகவில்லை. கிரிக்கெட் அம்பயர் முதலில் ந-வில் தொடங்கிய பிரெஞ்சுச் சொல். இரு தரப்புக்கும் இணையாக நிற்காத மூன்றாம் ஆள் என்று பொருள். முன்னால் வரும் 'எ' என்ற சிறு சொல்லோடு ந ஒட்டிக்கொண்டு 'அன் அம்பயர்' ஆகிவிட்டது. தவறாகக் கேட்டதே சரியான சொல்லாக நிலைத்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது 'டோர்ட்'. 1934-இல் வந்த பெரிய வெப்ஸ்டர் அகராதியில் அப்படி ஒரு சொல் இருந்தது, பொருள் அடர்த்தி. உண்மையில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. அடர்த்திக்குச் சுருக்கக் குறியாகப் பெரிய டி அல்லது சிறிய டி போடலாம் என்று யாரோ எழுதிய சீட்டை, இடையிலிருந்த, 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' என்ற சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். அகராதி தயாரித்தவர்களே சில ஆண்டுகள் கழித்துத்தான் கவனித்தார்கள். அதற்காக அவர்கள் அகராதி போடுவதை நிறுத்திவிடவில்லை.

சிரித்தவரிடம் பக்கம், பங்கு, பகல் என்ற மூன்று சொற்களைத் தமிழில் எழுதிக் காட்டி வாசிக்கச் சொல். எழுத்து ஒரே க-தான், ஒலி மூன்று. அவருக்கு அதை யாராவது சொல்லித்தான் தரவேண்டும், நீயாக இருந்தால் பொறுமையாகத்தான் சொல்லித் தருவாய், எனக்குத் தெரியும். நீ யாரையும் பார்த்துச் சிரித்தவள் இல்லை.

சத்தமாகச் சொல்லிப் பார். சந்தேகம் வந்தால் அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திக் கேள். கேட்டபின் சத்தமாகச் சொல்லிப் பார். அப்போதும் கூட்டத்தில் தவறிப்போனால், "இதை எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று அங்கேயே கேட்டுவிட்டு மேலே பேசு. பேச்சை மட்டும் பாதியில் விடாதே. நீ சொல்லவந்த கருத்து என்ன ஆனது என்று யாருமே கேட்கவில்லையாமே? அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. அந்த வேலைக்காக நீ எவ்வளவு படித்தாய் என்று எனக்குத் தெரியும்.

கேட்கமாட்டேன் என்றுதான் தொடங்கினேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. அதன்பிறகு நடந்த கூட்டம் எதிலாவது பேசினாயா? பேசவில்லை என்றாலும் பரவாயில்லை, மறைக்காமல் எழுது. அம்மாவிடம் நான் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா