மாத்திரைமேல் விழுந்த பழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், "ஆன்டிபயாடிக் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு மூளைக்கட்டி வருவதை வெளிநாட்டு ஆய்வு உறுதி செய்துள்ளது" என்று ஒரு வரி வந்திருக்கிறது. எந்த நாடு, எந்த ஆண்டு, எந்த மருந்து, எத்தனை பேர் என்பதற்கெல்லாம் இடம் போதவில்லை போலும். மண்டையோட்டுக்குள் மாத்திரை வெடிக்கும் வண்ணப்படத்துக்கு மட்டும் அரைப் பக்கம் கிடைத்திருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற மருந்தாளுநர். என் அண்ணனுக்குக் காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும் வந்தன. சைனஸ் என்று சொல்லி ஊரில் ஒரு கிளினிக்கில் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள், கேட்கவில்லை என்றதும் வேறொன்றுக்கு மாற்றினார்கள், வலிப்பு வந்த பிறகே ஸ்கேன் எடுத்தார்கள். கிளையோமா என்ற மூளைக்கட்டி என்று தெரிந்தது. தங்கள் கட்டுரையாளரின் கணக்குப்படி, முந்தி வந்த மாத்திரைதான் குற்றவாளி. ஆனால் கட்டி அதற்கும் முன்பே அங்கே இருந்தது. அது கொடுத்த தலைவலிக்காகத்தான் மாத்திரையே வந்தது. இப்படிப்பட்ட தலைகீழ்க் கணக்கு உள்ளே நுழைந்துவிடக் கூடாதென்றுதான், நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய ஓராண்டிலோ அதற்கும் மேலோ சாப்பிட்ட மருந்துகளை ஒதுக்கிவிட்டு ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. அறியாத என் அண்ணி அந்த வரியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, "கடைக்குப் போய் வாங்கி வந்தது நான்தானே, தம்பி?" என்று கேட்கிறார். அவருக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து யாரேனும் பதில் சொல்வார்களா?

அபாயம் கூடுகிறது என்று எழுதியவர், எதிலிருந்து கூடுகிறது என்றும் எழுதியிருக்கலாம். மேலை நாடுகளிலேயே ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 6 பேருக்குத்தான் கிளையோமா வருகிறது. ஆறில் ஒரு பங்கு கூடினாலும் அது 7 ஆகும். ஐயமின்றி நிறுவப்பட்ட காரணம் வேண்டுமென்றால் கதிர்வீச்சு இருக்கிறது. 1948 முதல் 1960 வரை இஸ்ரேலில், தலையில் வந்த படைநோய்க்காக 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எக்ஸ்ரே சிகிச்சை கொடுத்தார்கள். பிற்காலத்தில் அவர்களிடையே மெனிஞ்சியோமா என்ற மூளையுறைக் கட்டி பல மடங்கு காணப்பட்டது. அந்தச் சிகிச்சையைத் தேவையற்றதாக்கியது கிரிசியோஃபுல்வின் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரை. நுண்ணுயிர்க்கு எதிரான ஒரு மருந்து மூளைக்கட்டியைத் தடுத்த கதை அது. தங்கள் பக்கத்தில் அதற்கு இடமிருக்காது.

மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக், புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமையின் 2பி பட்டியலில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று ஐயப்படுபவற்றின் பட்டியலில், இருப்பதாகவும் அதே கட்டுரை அச்சுறுத்துகிறது. இருக்கிறது, எலிகளிலும் சுண்டெலிகளிலும் கட்டிகள் வந்ததால் சேர்த்தார்கள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்கக் கற்றாழைச் சாறு விளம்பரம் போட்ட தங்களுக்கு அது தெரியாமலா இருக்கும்! கைபேசிக் கோபுரத்தால் மூளைப் புற்று என்று முன்பு தொடர் வெளியிட்டபோதும், ரானிடிடின் என்ற வயிற்றுப்புண் மாத்திரையில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு கண்டறியப்பட்ட விவகாரத்தில் எல்லா வயிற்றுப்புண் மாத்திரைகளையும் ஒரே மூச்சில் விஷம் என்று எழுதியபோதும் கடிதம் எழுதினேன். இரண்டும் பிரசுரமாகவில்லை. பிரசுரமாகாததில் வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய்.

நான் ஆன்டிபயாடிக்குக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. 2014 மார்ச்சில், பல ஆன்டிபயாடிக்குகள் அடங்கிய எச்1 என்ற மருந்து அட்டவணை நடைமுறைக்கு வந்து, அதிலுள்ள மருந்துகளை விற்கும்போது மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றான பிறகும், அட்டையில் மூன்று மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும் கடைகளை நாள்தோறும் பார்க்கிறேன். டென்மார்க்கில் 1943 முதல் புற்றுநோய்ப் பதிவேடும் 1995 முதல் மருந்துச் சீட்டுப் பதிவேடும் இருப்பதால், இந்தக் கேள்வியை அங்கே ஒழுங்காகக் கேட்கவாவது முடியும். பில்லே இல்லாமல் வாங்கியதை இங்கே யார் எண்ணுவது? மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைப் பற்றி எழுதினால் மக்கள் வேண்டாத மாத்திரையை நிறுத்துவார்கள். மூளைக்கட்டி என்று மிரட்டினால், இதயத்தைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சலுக்காக மூன்று வாரத்துக்கொருமுறை பென்சிலின் ஊசி போடவேண்டிய பிள்ளையைத் தாய் வீட்டிலேயே வைத்துக்கொள்வாள்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அந்த ஆய்வு எந்த நாட்டில், எந்த ஆண்டில், எந்த மருந்தைப் பற்றி நடந்தது என்பதையும் அதில் சேருங்கள். ஐந்து வரி போதும்.

இங்ஙனம்,
நெடுநாள் சந்தாதாரர், கும்பகோணம்