அந்த மாத்திரையைக் கடைப் பையனிடம் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பின் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர், சுகர் வந்த பிறகு விறைப்பு சரியாக வருவதில்லை, வயாகரா மாதிரி ஏதாவது போடலாமா என்று கேட்டிருந்தார். 'மருத்துவர் ஆலோசனையுடன் எடுத்துக்கொள்ளலாம்' என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. பதிலில் தப்பில்லை. ஆனால் அவர் டாக்டரிடம் போக மாட்டார். அவர் எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். நான் பட்டுக்கோட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். பெண்.

பெண் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வருகிற சில ஆண்கள், கவுண்டரில் நான் நின்றால் இருமல் மிட்டாய், பஞ்சு என்று எதையாவது வாங்கிக்கொண்டு, போகாமல் நிற்பார்கள். நான் பில் போடத் திரும்பியதும் கடைப் பையனை ஓரமாகக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து பழைய அட்டையின் கிழிந்த ஓரத்தை எடுத்துக் காட்டுவார்கள். பையன் பிளஸ் டூ வரை படித்தவன். எந்த ரேக்கில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்பது அவனுக்குத் தெரியாது. அதனால்தான் அவனிடம் கேட்கிறார்கள், அவன் திருப்பிக் கேள்வி கேட்க மாட்டான். சட்டப்படி இது டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து. ஊர் நிலவரம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

மாதா மாதம் எங்களிடம் மருந்து வாங்கும் பெரியவர் ஒருவர். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஹார்ட் டாக்டரின் சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, பையனிடம் தனியாக 'அதுல ஒரு நாலு' என்றார். சீட்டில் கொலஸ்ட்ரால் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, அதோடு ஐசோசார்பைடு மோனோநைட்ரேட். அது நெஞ்சு வலிக்குக் கொடுக்கிற நைட்ரேட் வகை. நான் அட்டையைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, 'ஐயா, இது ரெண்டும் ஒரே உடம்புக்குள்ள போகக் கூடாது' என்றேன். முகம் கறுத்துவிட்டது. 'எனக்கு இல்லம்மா, மச்சானுக்கு' என்றார். சரி, மச்சானையே வரச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கூட்டம் இல்லாத மத்தியானத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, 'அப்ப ஹார்ட் மாத்திரையை ஒரு நாள் நிறுத்திட்டு இதைப் போட்டா?' என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். நைட்ரேட்டை நம் இஷ்டத்துக்கு ஒரு நாள் விட்டால் நெஞ்சு வலியே திரும்ப வரலாம். வந்தால் மறுபடியும் நைட்ரேட்தான் கொடுப்பார்கள். அந்த நேரம் பார்த்து இந்த மாத்திரையும் உள்ளே இருக்கும். டாக்டரிடம் வாய் திறந்து கேட்டால், சிலருக்கு நைட்ரேட்டுக்குப் பதிலாக வேறு மருந்து மாற்றித் தர முடியும். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இதை அவரிடமும் சொன்னேன்.

ஏன் சேரக் கூடாது என்று புரிந்தால் பயம் தானாக வரும். நம் உடம்பு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. தளர்ந்ததைப் பழையபடி சுருங்கவிடுவது பி.டி.இ.5 என்கிற நொதி. வயாகராவில் இருக்கிற சில்டனாஃபில், அதே வகையைச் சேர்ந்த டாடலாஃபில் மாத்திரைகள் அந்த நொதியைத் தடுக்கின்றன. நைட்ரேட்டோ அந்த வாயுவையே கூட்டுகிறது. மதகைத் திறந்துவிட்டு, அடைக்கிற ஆளையும் கட்டிப்போட்ட மாதிரி. பிரஷர் சரசரவென்று இறங்கும், ஆள் சுருண்டு விழுவார், உயிரே போகலாம். இதில் வேடிக்கை, சில்டனாஃபிலை இங்கிலாந்தில் ஃபைசர் கம்பெனி முதலில் சோதித்துப் பார்த்ததே நெஞ்சு வலிக்காகத்தான். அதற்குச் சரிப்படவில்லை, இதற்குச் சரிப்பட்டது. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம். யாராவது நெஞ்சைப் பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைத்துவிடுவார். நல்ல எண்ணம்தான். ஆனால் அதுவும் நைட்ரேட். சில்டனாஃபில் போட்டவருக்கு 24 மணி நேரமும், டாடலாஃபில் போட்டவருக்கு 48 மணி நேரமும் அதை வைக்கக் கூடாது. உறவின்போது நெஞ்சு வலித்தால் அப்படியே நிறுத்திவிட்டு 108-க்குப் போன் செய்யுங்கள், வருகிறவர்களிடம் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். ஆள் பேச முடியாத நிலையில் இருந்தால் யார் சொல்வது? மனைவிதான். அவருக்குத் தெரியாமல் போட்டிருந்தால், பதறிப்போய் அந்த சார்பிட்ரேட்டை வைக்கிற கையும் அவருடையதாகவே இருக்கும். அதனால் கணவன்மார்களே, வெட்கத்தை ஒரு நிமிடம் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பிரியாணி. சிரிக்க வேண்டாம். 'போட்டேன், ஒண்ணும் ஆகல, 100 பவர் குடுங்க' என்று வருகிறவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், பாதிப் பேர் சொல்வது பிரியாணி அல்லது புரோட்டா சால்னா. கொழுப்பு அதிகமான சாப்பாட்டுக்குப் பிறகு சில்டனாஃபில் ரத்தத்தில் ஏறக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகும். வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர்கள் அதே ராத்திரியில் இன்னொன்றை விழுங்குகிறார்கள். 24 மணி நேரத்துக்கு ஒன்றுதான். வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள். 65 வயதைத் தாண்டியவர்கள், கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாதிரி மருந்து சாப்பிடுகிறவர்கள் என்றால் 25. உறவுக்கு ஒரு மணி நேரம் முன்னால், லேசான வயிற்றோடு. டாடலாஃபிலுக்குச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை, ஆனால் 36 மணி நேரம் வரை வேலை செய்யும். எதுவானாலும் ஆசையை உண்டாக்குகிற மருந்து இல்லை இது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் செல்போன் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் ஒன்றும் நடக்காது. சரக்கடித்துவிட்டுப் போட்டால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும், வந்த காரியமும் கெடும்.

'ஸ்ட்ராங்கா ஒண்ணு' என்று கேட்டால் சில கடைகளில் சில்டனாஃபிலோடு டபாக்ஸெடின் சேர்ந்ததை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது ஸ்ட்ராங் இல்லை. விந்து சீக்கிரம் வந்துவிடுகிற பிரச்சினைக்குக் கொடுக்கிற வேறு மருந்து டபாக்ஸெடின். அதற்கு மயக்கம் போட்டு விழவைக்கும் குணம் உண்டு. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதய நோயாளிகளும் அந்தப் பக்கமே போகக் கூடாது.

தலைவலி, முகம் சூடாவது, மூக்கடைப்பு எல்லாம் வந்து போகும். ஆனால் விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் நின்றாலோ, ஒரு கண்ணில் திடீரென்று பார்வை போனாலோ, காது அடைத்துக் கேட்காமல் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் போகச் சொல்வது மாத்திரைக்காக மட்டும் இல்லை. அந்த உறுப்புக்குப் போகிற ரத்தக்குழாய் இதயக் குழாயைவிடச் சின்னது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அடைப்பு தொடங்கினால் முதலில் அங்கேதான் தெரியும். நெஞ்சு வலி வருவதற்குச் சில வருடங்கள் முன்பே விறைப்புக் குறைகிறவர்கள் நிறைய. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் பார்த்து, தேவைப்பட்டால் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வார்கள். சிலருக்குக் காரணம் அவர்கள் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையாகவோ, மனச்சோர்வு மாத்திரையாகவோகூட இருக்கும், மாற்றித் தருவார்கள். கடைப் பையன் கொடுக்கிற நாலு மாத்திரையில் இதெல்லாம் அப்படியே மூடிப் போய்விடுகிறது. கல்யாணத்துக்கு முந்தின நாள் நண்பர்கள் கூட்டமாக வந்து மாப்பிள்ளைக்கு வாங்கிப் போகிறார்களே, அந்த இருபத்தைந்து வயதுப் பையனுக்கு வேண்டியது மாத்திரை இல்லை, இந்த நண்பர்கள் இல்லாத ஒரு வாரம்.

ஒரு தடவை கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தார். சீட்டில் சில்டனாஃபில். நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கிற குழந்தைகளுக்கும் டாக்டர்கள் இதே மருந்தைக் குறைந்த அளவில் எழுதுவார்கள். பையன் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அந்த அம்மா என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவனுக்கு என்னிடம் கிடைத்த திட்டு அவனுக்கு ஆயுசுக்கும் மறக்காது. இப்போது இந்த மருந்தை யார் கேட்டாலும் 'அக்காகிட்ட கேளுங்க' என்கிறான். வியாபாரம் குறைந்துவிட்டதாக முதலாளிக்கு வருத்தம்.

கடைசியாக உங்கள் பத்திரிகை விஷயம். அந்தக் கேள்வி பதில் வந்த அதே நாளில், உள்பக்கத்தில் ஒரு வைத்தியர் எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் தங்குகிறார், அவர் லேகியத்தால் ஆண்மைக் குறைவு எத்தனை நாளில் தீரும் என்று கால் பக்கத்துக்கு விளம்பரம். 1954-ம் வருடத்து ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டம், ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாகச் சொல்லி மருந்தை விளம்பரப்படுத்துவதையே தடுக்கிறது. கொடுக்கிறவர் மட்டுமல்ல, அச்சிடுகிறவரும் அதில் வருகிறார். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., 'முழுக்க இயற்கை' என்று விற்ற எத்தனையோ ஆண்மைப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் சொல்லாமல் கலந்த சில்டனாஃபிலும் டாடலாஃபிலும் இருந்ததாகப் பல வருடங்களாக எச்சரித்து வருகிறது. நம் ஊர் லேகியங்களில் எதில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? அந்தப் பெரியவர் மாதிரி ஆட்கள்தான், இங்கிலீஷ் மருந்து நமக்கு ஆகாதாம், லேகியம் என்றால் கெடுதல் இல்லை என்று நைட்ரேட்டோடு சேர்த்து அதை நக்குவார்கள்.

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கிறேன். நிறுத்துகிற இடத்தில் அந்த வாசகருக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதலாம், கால் பக்கம் தாராளமாகப் போதும்.

என் பெயரைப் போட வேண்டாம். முதலாளிக்கு இது யார் எழுதியது என்று எப்படியும் தெரிந்துவிடும், பரவாயில்லை. மாமியார் உங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
பட்டுக்கோட்டை