சுடாமல் விட்டதும் விதிமீறல்தான்

ஆசிரியருக்கு,

போர் விதிகளை மீறிய முன்னாள் வீரர்களின் நினைவுகள் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன், ஆனால் மீறல் என்றாலே கொடுமை என்பதுபோல் எழுதியிருந்தது உறுத்தியது. இரண்டாம் உலகப் போரில், 1943 டிசம்பர் 20 அன்று ஜெர்மனியின் பிரெமன் நகரில் குண்டு வீசிவிட்டுச் சிதைந்த நிலையில் திரும்பிய அமெரிக்க பி-17 விமானத்தை ஜெர்மன் விமானி ஃபிரான்ஸ் ஸ்டிக்லர் எளிதாகச் சுட்டிருக்கலாம். உள்ளே காயம்பட்டுக் கிடந்தவர்களைப் பார்த்ததும் சுடாமல், கூடவே பறந்து கடல்வரை கொண்டுபோய் விட்டார். தெரிந்திருந்தால் மரண தண்டனைவரை போயிருக்கும், அதனால் போர் முடியும்வரை வாயே திறக்கவில்லை. அந்த பி-17 விமானி சார்லி பிரவுனையும் இதைப் பேசக்கூடாது என்று மேலதிகாரிகள் தடுத்திருந்தார்கள்! அப்புறம் பிரவுன் தேடிக் கண்டுபிடித்து, 1990இல் இருவரும் சந்தித்து, 2008இல் இறக்கும்வரை நண்பர்களாகவே இருந்தார்கள். உயிரைக் காப்பாற்ற விதியை வளைத்த இவர்களைப் பற்றியும் தயவுசெய்து எழுதுங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி