சென்னை வெயிலும் ஒரு சின்ன பாக்கெட்டும்

அன்புள்ள கண்ணு,

ஆபீஸ் செக்கப் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சரி. வைட்டமின் டி மட்டும் 11. "எனக்கு ஒரு வியாதியும் இல்லை, ஜிம்முக்குப் போகிறேன், லேப்காரன் தப்பாகப் போட்டிருப்பான்" என்கிறாய். ஒரு மில்லி ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே போனாலே குறைவு என்பதுதான் டாக்டர்கள் கணக்கு. நல்ல திடகாத்திரமான ஆம்பிளைகளுக்கும் இது சர்வசாதாரணம். விடியுமுன் ஜிம், அப்புறம் கார், இருட்டும்வரை ஏசி. சென்னை வெயிலை நீ ஜன்னல் வழியாகத்தானே பார்க்கிறாய்?

ஜன்னல் என்றதும் உன் அப்பா ஞாபகம்தான் வருகிறது. கோத்தகிரிக் குளிருக்கு நம் வீட்டுக் கண்ணாடி வராந்தாதான் அவருக்குச் சொர்க்கம். ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா சகிதம் பேப்பரோடு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். தினமும் வெயில் காய்கிறேன் என்று பெருமை வேறு! கண்ணாடியைத் தாண்டி சூடு வரும். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிர் வராது. இத்தனைக்கும் ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போலக் கூடும். மேகம் இறங்காத நாளில் இந்த மலையில் அது கொட்டத்தான் செய்கிறது, நாம்தான் போர்த்திக்கொண்டு திரிகிறோம். அவருக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், முறைக்கிறார்.

காலை இளவெயில் இதற்கு உதவாது. உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் கணக்கு. சாப்பாட்டு இடைவேளையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொஞ்சம் நட. நம் கறுத்த தோலுக்கு வெள்ளைக்காரர்களைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். அதற்காக மே மாதத்தில் மண்டை காய நிற்காதே; தலைக்குத் தொப்பி போட்டுக்கொள், கை வெயிலில் பட்டால் போதும். மத்தி மீனிலும் முட்டை மஞ்சள் கருவிலும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் சாப்பாட்டை மட்டும் நம்பி 11-ஐ ஏற்ற முடியாது.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. ரூம் நண்பன் ஏதோ பாக்கெட் வாங்கித் தந்தான், பாலில் கலந்து குடிக்கிறேன் என்றாயே, அது 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டாக இருந்தால் வாரத்துக்கு ஒன்றுதான் எழுதுவார்கள், அதுவும் சில வாரங்களுக்கு. சத்து மாவு மாதிரி தினமும் குடிக்கிறவர்களை நர்ஸ் வேலையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். இது கொழுப்பில் கரைகிற சரக்கு, மிச்சமானால் சிறுநீரில் போய்விடாது, உடம்பிலேயே தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று இழுத்துவிடும்.

டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி அவர் சொல்கிற அளவில் சாப்பிடு, வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு எடு. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடு. இப்போதைக்கு அந்த பாக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. எத்தனை குடித்தாய் என்பதையும் மறைக்காமல் எழுது.

அம்மா