அந்த ஹாலுக்கு எத்தனை வாசல், தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன், அடுத்த மாதம் நீ மேடை வேலை பார்க்கப் போகிற பெங்களூர் ஹாலைப் பற்றி. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நேற்று ராத்திரி அம்மாவும் நானும் டிவியில் ஒரு அமெரிக்கப் போலீஸ் தொடர் பார்த்தோம். ஒரு ராக் கச்சேரியில் தீப்பிடித்து ஏகப்பட்ட பேர் செத்துப்போகிறார்கள், காரணம் யார் என்று போலீஸ் தேடுகிறது. முக்கால் மணி நேரத்தில் ஒருத்தனைப் பிடித்து விலங்கு மாட்டினார்கள், அம்மா எழுந்து பால் காய்ச்சப் போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மேடைக்குப் பக்கவாட்டில் கறுப்புச் சட்டையும் காதில் மைக்குமாக நின்ற பையன் அசப்பில் உன்னை மாதிரியே இருந்தான். இப்படியெல்லாம் நிஜமாகவே நடந்திருக்கிறதா என்று போனில் தேட ஆரம்பித்தேன். படித்து முடிக்கும்போது பால்காரர் மணி அடித்துவிட்டார்.

நடந்திருக்கிறது தம்பி. 2003 பிப்ரவரி 20, அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வெஸ்ட் வார்விக் என்கிற சின்ன ஊர், 'தி ஸ்டேஷன்' என்று ஒரு கிளப். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் 'கிரேட் ஒயிட்' குழு மேடை ஏறியது. முதல் பாட்டு தொடங்கியதும் பின்னால் ஜெர்ப் பற்றவைத்தார்கள். உனக்குத் தெரிந்த சாமான்தான், நம் புஸ்வாணம் மாதிரி 15 அடிக்குப் பொறி, 15 விநாடி. டிரம்ஸ் வைத்திருந்த இடத்தைச் சுற்றிச் சுவரில் ஃபோம் ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்னதால் வாங்கி ஒட்டிய பாலியூரித்தேன் ஃபோம், பெட்டிக்குள் சாமான் உடையாமல் இருக்க வைப்பார்களே அந்த ஜாதி. பொறி பட்டதும் பிடித்துக்கொண்டது. முதல் சில விநாடிகள் ஜனங்கள் அதையும் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் உள்ளே மூச்சுவிட முடியாமல் கரும்புகை. மொத்தம் 100 பேர் போய்விட்டார்கள். மேடையில் கிதார் வாசித்த பையனும் அதில் ஒருவன்.

இத்தனைக்கும் அந்தக் கட்டடத்துக்கு ஒன்றுக்கு நாலு வாசல் இருந்தது. பெரும்பாலானவர்கள் உள்ளே வந்த முன்வாசலுக்கே ஓடினார்கள். அங்கே ஒரு குறுகலான நடை, ஒருவர் விழ, மேலே ஒருவர் விழ, அப்படியே அடைத்துக்கொண்டது. மேடைப் பக்கத்து வாசலுக்குப் போனவர்களை அது குழுவினருக்கு மட்டும் என்று காவலாள் திருப்பி அனுப்பியதாக உயிர் பிழைத்த சிலர் சொன்னார்கள். நான் அதைப் படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டேன். தீப்பிடித்ததும் முன்வாசல் அடைத்துக்கொண்டதும் வீடியோவில் இருக்கிறது. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் சிகாகோவில் ஒரு கிளப்பில் நெரிசலில் 21 பேர் இறந்திருந்தார்கள், அதை வைத்து கிளப்புகளின் பாதுகாப்பு பற்றி ஒரு செய்தி செய்ய உள்ளூர் டிவி கேமராக்காரர் அன்றைக்கு அங்கே வந்திருந்தார்.

தொடரில் வந்ததுபோல ஒரே ஒரு வில்லனை இதில் தேடினால் கிடைக்கவே மாட்டான். ஜெர்ப் வெடிக்க லைசென்ஸ் வாங்கவில்லை. கிளப்காரர் ஒத்துக்கொண்டார் என்று குழு சொன்னது, எங்களிடம் கேட்கவே இல்லை என்று கிளப்காரர்கள் சொன்னார்கள். ஆய்வுக்கு வந்த தீயணைப்பு அதிகாரி சுவரில் இருந்த ஃபோமைக் குறிக்காமலே போயிருக்கிறார், அவர் மேல் வழக்கே இல்லை. தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்லர் கிடையாது, ஏனென்றால் கட்டடம் 1946-ல் கட்டியது, பழைய கட்டடம் என்று சட்டத்தில் விலக்கு இருந்தது. பிற்பாடு அரசு ஆய்வு நிறுவனம் அந்த மேடையை அப்படியே கட்டி எரித்துப் பார்த்திருக்கிறது. ஸ்பிரிங்க்லர் இருந்திருந்தால் தீ அடங்கியிருக்கும் என்று தெரிந்தது. யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை, ஆளாளுக்கு ஒரு "பரவாயில்லை" சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜெர்ப் பற்றவைத்தவன் பெயர் டேனியல் பீக்லி. குழுவின் பயண மேலாளர். அப்போது வயது 26. உன் வயசு தம்பி, கிட்டத்தட்ட உன் வேலை. 2006-ல் வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே, வக்கீல்கள் வேண்டாம் என்று சொல்லியும், 100 சாவுக்கும் நான்தான் பொறுப்பு என்று கோர்ட்டில் ஒத்துக்கொண்டான். பதினைந்து வருஷத் தண்டனையில் நாலு வருஷம் உள்ளே இருக்க வேண்டும் என்று தீர்ப்பு. இறந்த 100 பேர் வீட்டுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினான். நூறு கடிதம்! அவனை 2008-ல் பரோலில் விடலாம் என்று பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர்கள் சிலரே சொன்னார்கள். அந்தப் பெற்றோர்களையும் நினைத்தேன், இவனைப் பெற்றவர்களையும் நினைத்தேன். இரண்டில் எந்த இடத்திலும் நானும் அம்மாவும் உட்காரக் கூடாது.

இதோடு போனதா என்றால் இல்லை. 2004-ல் அர்ஜென்டினாவில் புவனோஸ் ஐரிஸ், கச்சேரிக்கு வந்த கூட்டத்தில் யாரோ கொளுத்திய வெடி, வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டு, 194 பேர். 2013-ல் பிரேசிலில் சாண்டா மரியா, மறுபடி மேடை வெடி, மறுபடி கூரையில் ஃபோம், 242 பேர், பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். 2015-ல் ருமேனியாவில் புகாரெஸ்ட், அங்கேயும் ஃபோம்தான், 64 பேர். அந்த நாட்டில் ஜனங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள், பிரதமரே ராஜினாமா செய்தார்.

இனி உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவுக்கும் தெரியாது.

நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால், பங்குனித் திருவிழாவுக்கு ஒரு ஊரில் மைக் செட்டும் லைட்டும் நம்முடையது. ராத்திரி நாடகம், கீற்றுப் பந்தல். ராஜபார்ட் முகத்தில் வெளிச்சம் போதவில்லை என்று விழாக்காரர் ஒருவர் சத்தம் போட்டார். நான் ஆலோஜன் லைட்டைத் தூக்கிப் பந்தல் காலிலேயே கட்டினேன். கீற்றுக்கும் அதற்கும் ஒரு சாண் கூட இல்லை. எனக்குத் தெரியும், தெரிந்தேதான் கட்டினேன். இரண்டு மணி இருக்கும், வாசனை வந்தது. நிமிர்ந்து பார்த்தால் கீற்று நுனி பீடி முனை மாதிரி கனிந்துகொண்டிருக்கிறது. மேடைக்கு முன்னால் சாக்கு விரித்து இருபது முப்பது குழந்தைகள் தூங்குகிறார்கள். மேஜை மேல் ஏறி அந்தக் கீற்றை வெறும் கையால் பிடுங்கி மண்ணில் போட்டு மிதித்தேன். யாரும் கவனிக்கவில்லை. காலையில் வாடகை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் வலது உள்ளங்கைத் தழும்பு என்னவென்று சின்ன வயதில் கேட்பாயே, ஜெனரேட்டர் சுட்டது என்று சொன்னேன். அது பொய்.

2004 ஜூலையில் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக்கூரை எரிந்து 94 பிள்ளைகள் போனபோது நீயும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அம்மா உன்னை மடியிலிருந்து இறக்கவே இல்லை. நான் கொல்லைப்புறத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

போன வாரம் நீ பேசும்போது, அடுத்த மாதம் பெங்களூரில் ஏசி ஹாலுக்குள் நடக்கிற ஷோவில் பைரோ, அதுதான் மேடையில் பொறி பறக்கிற வாணவேடிக்கை, வேண்டும் என்று குழுக்காரர்கள் கேட்பதாகச் சொன்னாய். சுடாத நெருப்புதான்பா, பயமில்லை என்றாய். பொறி பொறிதான் தம்பி. அந்த மேடைக்குப் பின்னால் துணியா, ஃபோமா, தெர்மாகோலா என்று நீயே தொட்டுப் பார். அதில் ஒரு துண்டை வெளியே எடுத்துப்போய்க் கொளுத்திப் பார், அது பேசும். அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் யார் சொன்னாலும் பட்டனில் கை வைக்காதே. வேலை போய்விடும் என்று மிரட்டினால் போகட்டும், பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடு. கடையில் பழைய பெட்டிகள் தூசி தட்டாமல் இருக்கின்றன, இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்.

அம்மா சுண்டைக்காய் வத்தலும் பருப்புப் பொடியும் பார்சலில் அனுப்பியிருக்கிறாள், திங்கட்கிழமை வந்துவிடும். ஹாலைப் பார்க்கப் போகிற அன்றைக்கு வாசல்களை எண்ணு. ஒவ்வொரு கதவையும் தள்ளித் திறந்து பார்த்துவிட்டு, அங்கிருந்தே எனக்குப் போன் செய். எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா